சந்திரனின் இயக்கமும் கிரகணங்களும்

பயிர்த்தொழில் செய்வோர் இல்லங்களில் பஞ்சாங்கம் இல்லாத வீடு அரிது. ஏர் பூட்டுவதற்கும், விதை தெளிப்பதற்கும், நாற்று நடுவதற்கும், கதிர் அறுப்பதற்கும் திதியும் நட்சத்திரமும் பார்ப்பது நெடுங்கால வழக்கமாகும். கிரகணம் நேரும் நாளில் வயல்வேலை நின்றுவிடுவதும் பல கிராமங்களில் காணப்படுவதே. திதி, நட்சத்திரம், கிரகணம் ஆகிய மூன்றும் சந்திரனுடைய ஓட்டத்தைக் கணக்கிட்டு எழுதப்படுபவை. அவ்வோட்டம் எத்தகையது, அதனால் நிலத்திற்கும் நீருக்கும் உண்மையில் விளைவது யாது, விளையாதது யாது என்பவற்றைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நலம். அறிந்துகொண்டால், காத்திருக்க வேண்டாத நாளில் காத்திருந்து பருவத்தை இழப்பதும், காவல் வேண்டிய நாளில் அயர்ந்திருந்து உப்பு நீரை வயலில் ஏற்றிக்கொள்வதும் நேரா.

சந்திரனும் அதன் பாதையும்

சந்திரனானது பூமியைச் சுற்றிவரும் ஓர் உருண்டை. அதன் குறுக்களவு 3,474 கிலோமீட்டர். பூமியின் குறுக்களவில் நான்கில் ஒரு பங்கிற்குச் சற்று மிகுதி. பூமியிலிருந்து அதன் சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர். மட்டை உரித்த தேங்காய் ஒன்றைப் பூமியாகக் கொண்டால், சிறியதோர் எலுமிச்சம்பழம் சந்திரனாகும். அத்தகைய முப்பது தேங்காய்களை ஒன்றையொன்று தொடும்படி வரிசையாக வைத்தால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரத்தில் அவ்வெலுமிச்சம்பழத்தை வைத்தல் வேண்டும். சந்திரனின் பாதை முழு வட்டமன்று; சற்றே நீண்ட வட்டம். ஆகையால் அது சில நாட்களில் பூமிக்கு 3,63,000 கிலோமீட்டர் அளவிற்கு நெருங்கியும், சில நாட்களில் 4,05,000 கிலோமீட்டர் அளவிற்கு விலகியும் செல்லும். நெருங்கியிருக்கும்போது விரைவாகவும், விலகியிருக்கும்போது மெதுவாகவும் ஓடும்.

தினந்தோறும் சந்திரன் கிழக்கில் உதித்து மேற்கில் மறைவது பூமி தன்னைத்தானே சுற்றுவதால் உண்டாகும் தோற்றமாகும். சந்திரனுடைய சொந்த ஓட்டமோ மேற்கிலிருந்து கிழக்கு நோக்கியது. ஒரு நட்சத்திரத்தின் அருகில் இன்றிரவு காணப்படும் சந்திரன், நாளை இரவு அதே நேரத்தில் அந்நட்சத்திரத்திற்குக் கிழக்கே சுமார் 13 பாகை தள்ளி நிற்பதைக் கண்ணாலேயே காணலாம். இவ்விதம் நகர்ந்து, வானத்தை ஒருமுறை சுற்றிவர அதற்கு 27 நாட்களும் ஏறக்குறைய 8 மணி நேரமும் ஆகின்றன. வானவீதியை முன்னோர் 27 நட்சத்திரங்களாகப் பகுத்ததன் காரணம் இதுவே. நாளொன்றுக்கு ஒரு நட்சத்திரமாகச் சந்திரன் கடந்து செல்கிறது.

வளர்பிறையும் தேய்பிறையும்

சந்திரனுக்குத் தனக்கென ஒளி இல்லை. சூரியனை நோக்கிய பாதி எப்பொழுதும் ஒளி பெற்றும், மறுபாதி எப்பொழுதும் இருண்டும் இருக்கும். ஒளி பெற்ற பாதியில் எவ்வளவு பாகம் பூமியை நோக்கியிருக்கிறதோ அவ்வளவே பிறையாகத் தோன்றும். பூமியின் நிழல் விழுவதால் பிறை உண்டாகிறது என்று சிலர் எண்ணுவது பிழையாகும். தேய்பிறை அஷ்டமியை அடுத்த நாட்களில், காலை வெயில் ஏறிய பின்னும் மேற்கு வானில் சந்திரன் வெளிறித் தெரியும். அப்பொழுது ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் ஏந்திச் சந்திரனுக்கு நேராக வெயிலில் நீட்டிப் பார்த்தால், பழத்தின் மீது வெயில் படும் பாகமும் சந்திரனில் ஒளிரும் பாகமும் ஒரே வடிவாயிருப்பது விளங்கும்.

சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் இருக்கும் நாள் அமாவாசை. எதிரெதிர்த் திசையில் இருக்கும் நாள் பௌர்ணமி. சந்திரன் ஒரு சுற்று முடிக்கும் 27 நாட்களில் சூரியனும் வானவீதியில் ஏறத்தாழ ஒரு ராசி முன்னேறிவிடுவதாகத் தோன்றுவதால், சந்திரன் அதனை எட்டிப் பிடிக்க மேலும் இரண்டு நாட்களுக்கு மேலாகிறது. ஆகவே ஓர் அமாவாசையிலிருந்து மறு அமாவாசைக்குச் சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம் செல்லும்.

இவ்வோட்டத்தினால் சந்திரோதயம் நாளொன்றுக்குச் சராசரியாக 50 நிமிடம், அதாவது ஏறக்குறைய இரண்டு நாழிகை பிந்திக்கொண்டே போகும். பௌர்ணமியன்று சூரியன் மறையும் வேளையில் சந்திரன் உதிக்கும். தேய்பிறைப் பஞ்சமியில் இரவு பத்து மணியளவிலும், தேய்பிறை அஷ்டமியில் நள்ளிரவிலும் உதிக்கும். வளர்பிறை அஷ்டமியில் நடுப்பகலில் உதித்து நள்ளிரவில் மறையும். இரவில் நீர் பாய்ச்சுவோரும், களத்தில் காவல் இருப்போரும் இக்கணக்கை மனத்திற் கொண்டால், எந்நாளில் எவ்வளவு நேரம் நிலவொளி கிடைக்கும் என்பதை முன்னரே அறிந்துகொள்ளலாம்.

திதியும் பருவமும்

சூரியனைவிட்டுச் சந்திரன் 12 பாகை விலகும் காலம் ஒரு திதி. முழுவட்டமாகிய 360 பாகைக்கு 30 திதிகள். சந்திரனின் வேகம் கூடியும் குறைந்தும் வருவதால், ஒரு திதி ஏறக்குறைய 19 மணி நேரத்தில் முடிவதும் உண்டு. 26 மணி நேரம் நீடிப்பதும் உண்டு. ஆகவே திதி என்பது சூரிய சந்திரர்களுக்கு இடையிலுள்ள விலக்கத்தைக் காட்டும் அளவேயாகும். மழையையோ வெப்பத்தையோ அது அளந்து காட்டுவதில்லை.

இதன் பயனைப் பயிர்த்தொழில் செய்வோர் நன்கு உணர்தல் வேண்டும். பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் 354 நாட்களே ஆகும். சூரிய ஆண்டோ 365 நாட்களுக்குச் சற்று மிகுதி. ஆகவே ஒரு குறித்த திதி ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முந்தி வந்துவிடும். தீபாவளி 2023-இல் நவம்பர் 12-லும், 2024-இல் அக்டோபர் 31-லும், 2025-இல் அக்டோபர் 20-லும் வந்தது இதனாலேயே. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்றைச் சேர்த்து இக்குறையை நிரப்புவர். 19 ஆண்டுகளில் ஏழு அதிக மாதங்கள் வரும். பொங்கலோ சூரியனுடைய ஓட்டத்தைக் கொண்டு வருவதாகையால், ஆண்டுதோறும் ஜனவரி 14 அல்லது 15-ஆம் தேதியிலேயே நிலைத்து நிற்கிறது.

பருவங்கள் சூரியனைச் சார்ந்தவை. பருவக்காற்றுகள் திரும்புவதும், பகற்பொழுது நீளுவதும் குறுகுவதும் சூரியனாலேயே. பழைய நீண்டகாலச் சம்பா நெல்வகைகள் பகற்பொழுது குறுகுவதை அறிந்தே பூக்கின்றன. ஆடிப் பட்டம், புரட்டாசிப் பட்டம், தைப் பட்டம் என்று முன்னோர் சூரிய மாதப் பெயரால் பட்டங்களை வகுத்தது இவ்வுண்மைக்குச் சான்றாகும். எந்தப் பட்டத்திற்கும் திதியின் பெயரை அவர்கள் இடவில்லை.

ஆகவே, நிலத்தில் ஈரம் பதமாயிருக்கும் நாளைக் கைவிட்டு, நல்ல திதி வரட்டும் எனப் பத்து நாள் காத்திருப்பது நஷ்டத்திற்கே வழியாகும். காவிரிக் கடைமடையில் சம்பா நேரடி விதைப்புப் பிந்தினால், பயிர் வேரூன்றி உயருமுன்னரே ஐப்பசி, கார்த்திகை மாதத்து அடைமழை வந்து இளம்பயிரை மூழ்கடித்துவிடும். மானாவாரி நிலத்திலோ ஈரம் ஒருமுறை உலர்ந்துவிட்டால் மறுமழை வரை காத்திருக்க நேரும். நாள் பார்க்கும் வழக்கத்தை விட மனமில்லாதோர், நல்ல நாளில் ஒருபிடி விதையைத் தெளித்துத் தொடக்கம் செய்துகொண்டு, மற்ற விதைப்பை நிலத்தின் பதம் பார்த்து முடித்தல் தகும். இதனால் வழக்கமும் கெடாது; பருவமும் தவறாது.

கிரகணம் உண்டாகும் விதம்

பௌர்ணமியில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே பூமி நிற்கிறது. பூமியின் நிழல் சந்திரன் மீது விழுந்தால் அது சந்திர கிரகணம். அமாவாசையில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே சந்திரன் நிற்கிறது. அது சூரியனை மறைத்தால் சூரிய கிரகணம். ஆரியபடர் கி.பி. 499-ஆம் ஆண்டைக் குறிப்பிட்டு இயற்றிய ஆரியபடீயம் என்னும் நூலிலேயே இவ்விளக்கம் காணப்படுகிறது.

அங்ஙனமாயின் மாதந்தோறும் கிரகணம் நேராமைக்குக் காரணம் யாது? சந்திரனின் பாதை, சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதையோடு ஒரே தளத்தில் அமையாமல், 5 பாகைக்குச் சற்று மிகுதியாகச் சாய்ந்திருக்கிறது. சந்திரன் இருக்கும் தூரத்தில் இச்சாய்வு 34,000 கிலோமீட்டர் மேலாகவோ கீழாகவோ விலகுவதற்குச் சமம். அத்தூரத்தில் பூமியின் கருநிழலின் அகலமோ சுமார் 9,000 கிலோமீட்டரே. ஆகவே பெரும்பாலான பௌர்ணமிகளில் சந்திரன் நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிச் சென்றுவிடுகிறது. அவ்வாறே அமாவாசைகளில் சந்திரனின் நிழல் பூமியைத் தொடாமல் போய்விடுகிறது.

அவ்விரு பாதைகளும் ஒன்றையொன்று வெட்டும் புள்ளிகள் இரண்டு. அவையே ராகு, கேது எனப்படுபவை. வானத்தில் அவ்விடங்களில் பொருள் ஒன்றும் இல்லை. அதனாலேயே பஞ்சாங்கத்தில் அவற்றை நிழற்கிரகங்கள் என்பர். அப்புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டுகளில் வானவீதியை ஒருமுறை சுற்றுகின்றன. ஒவ்வொரு ராசியிலும் சுமார் ஒன்றரை ஆண்டு தங்கிப் பின்னுள்ள ராசிக்குச் செல்வதாகப் பஞ்சாங்கம் கூறும் ராகு கேதுப் பெயர்ச்சி இதுவே. சூரியன் இப்புள்ளிகளுள் ஒன்றை அடுத்திருக்கும் காலத்தில், அதாவது சுமார் 173 நாட்களுக்கு ஒருமுறை, நேரும் அமாவாசை பௌர்ணமிகளிலேயே கிரகணம் உண்டாகக்கூடும்.

சந்திர கிரகணத்தைப் பூமியில் இரவாயிருக்கும் பாகம் முழுவதிலும் காணலாம். முழு மறைவின்போதும் சந்திரன் அடியோடு மறையாமல் செம்பு நிறமாகத் தோன்றும். பூமியைச் சூழ்ந்த காற்றில் புகுந்து வளைந்த செங்கதிர்கள் அதன்மீது விழுவதே இதற்குக் காரணம். 2025 செப்டம்பர் 7-ஆம் தேதி இரவு இந்தியா முழுவதற்கும் புலப்பட்ட கிரகணத்தில் இந்நிலை 82 நிமிடம் நீடித்தது.

சூரிய கிரகணமோ பூமியின்மேல் ஒரு சிலவிடங்களுக்கே முழுமையாகக் கிட்டும். சூரியன் குறுக்களவில் சந்திரனைப்போல் சுமார் 400 மடங்கு பெரியது. தூரத்திலும் ஏறக்குறைய 400 மடங்கு அப்பாற்பட்டது. ஆகவே இரண்டும் ஒரே அளவினவாகத் தோன்றுகின்றன. சந்திரன் நெருங்கியிருக்குங்கால் சூரியனை முற்றும் மறைக்கும். விலகியிருக்குங்கால் சுற்றிலும் ஒரு வளையம் எஞ்சி நிற்கும். 2010 ஜனவரி 15-இல் இராமேசுவரம், கன்னியாகுமரிப் பகுதிகளிலும், 2019 டிசம்பர் 26-இல் கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டைப் பகுதிகளிலும் இத்தகைய வளைய கிரகணம் காணப்பட்டது.

கிரகணத்தை முன்னறிதல்

18 ஆண்டுகளும் ஏறக்குறைய 11 நாட்களும் சென்றபின், சூரியன், சந்திரன், ராகு கேதுப் புள்ளிகள் ஆகியவை ஒன்றுக்கொன்று முன்பிருந்த நிலைக்கே மீள்கின்றன. ஒத்த கிரகணமும் மீண்டும் நேரும். மேற்குறித்த 2025 செப்டம்பர் கிரகணம் 2007 ஆகஸ்ட் 28-ஆம் தேதி நேர்ந்ததன் மறுவரவாகும். ஆயினும் இக்காலச்சுற்றில் சுமார் எட்டு மணி நேரம் எஞ்சி நிற்பதால், ஒவ்வொரு முறையும் பூமியின் வேறொரு பாகத்திற்கே அது புலப்படும்.

தமிழ்நாட்டுக் கணிதர் இவ்வித்தையில் தேர்ந்திருந்தனர். 248 நாட்களில் சந்திரன் நெருங்கியும் விலகியும் வரும் சுற்று ஒன்பது முறை நிறைவுறும் என்பதை அறிந்து, நாளொன்றுக்கு ஒன்றாக 248 வாக்கியங்களை அமைத்து, அவற்றின் எழுத்துக்களிலேயே எண்களை அடக்கி மனப்பாடம் செய்துவந்தனர். வாக்கியப் பஞ்சாங்கம் என்னும் பெயர் இதனால் வந்ததே. 1825-இல் சென்னையில் வெளிவந்த காலசங்கலிதம் என்னும் நூலில், புதுச்சேரியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, ஏடு எதுவும் பாராமல் அவ்வாண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்பவர் குறித்துள்ளார். தற்காலக் கணக்கோடு ஒப்பிடுங்கால் கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே வேறுபாடு.

1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தைக் காண ஐரோப்பிய வானநூலார் கடல் கடந்து குண்டூருக்கு வந்து முன்கூட்டியே காத்திருந்ததும் கணக்கின்மேல் வைத்த நம்பிக்கையினாலேயே. இன்று கிரகணத்தின் நேரம் வினாடிப் பிசகின்றிக் கணிக்கப்படுகிறது. கொல்கத்தாவிலுள்ள வானியல் மையம் கணித்து இந்திய அரசு வெளியிடும் ராஷ்டிரிய பஞ்சாங்கத்திலும், திருக்கணிதப் பஞ்சாங்கங்களிலும் அந்நேரங்களைக் காணலாம். பல்லாண்டுக்கு முன்னரே நிமிடக் கணக்கில் சொல்லக்கூடிய ஒன்றை எதிர்பாராது வரும் கேடாகக் கருதுவதற்கு இடமில்லை.

கிரகணமும் பயிரும்

சந்திர கிரகணத்தால் பயிருக்குத் தீங்கு நேருமோ என்ற ஐயம் வேண்டுவதில்லை. முழுநிலவின் ஒளி வெயிலில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கே. அதுவும் மேகம் மூடிய இரவுகளில் நிலத்திற்குக் கிடைப்பதில்லை. சூரிய கிரகணம் ஓரிடத்தில் இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். வெயில் உச்ச அளவில் குறைவது அதிலும் சில நிமிடங்களே. ஐப்பசியில் ஒருநாள் முழுதும் வானம் மூடியிருந்தால் பயிர் இழக்கும் வெயில் இதனினும் பன்மடங்கு மிகுதி. கிரகண வேளையில் விதையிலோ, நாற்றிலோ, கிணற்று நீரிலோ நச்சுப்பொருள் எதுவும் புகுவதில்லை.

நஷ்டம் நேருவது வேலை நிற்பதனாலேயே. பிடுங்கிய நாற்றுமுடிகள் நடவின்றி வரப்பில் கிடந்து வாடுவதும், முறை நீர் வந்தும் மடை திறவாமல் கழிவதும், மழை மேகம் திரண்டிருக்கையில் அறுவடை ஒருநாள் தள்ளிப்போவதும் கிரகணத்தின் தீங்கல்ல. முன்யோசனை இன்மையால் வருபவை. கிரகணத் தேதி முன்னரே தெரியுமாகையால், நீராடல், நோன்பு முதலிய வழக்கங்களை மேற்கொள்ளும் கிராமங்களில், நாற்றுப் பிடுங்குதலையும் ஆள் அமர்த்துதலையும் முதல்நாளே அதற்கேற்ப வகுத்துக்கொள்ளலாம். கிராம அதிகாரிகள் முறை நீர் அட்டவணையை அமைக்கும்போது இதனையும் கவனித்தால் சச்சரவுகள் குறையும்.

ஒரு தீங்கு மட்டும் மெய்யானது. சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் விழித்திரை வெந்து பார்வை கெடும். கரிபிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே படத்தகடு, மஞ்சள் நீரில் விழும் பிம்பம் ஆகியவையும் பாதுகாப்பானவையல்ல. மரத்தடியில் இலைகளின் இடுக்கு வழியே தரையில் விழும் ஒளிப்பொட்டுகள் அப்பொழுது பிறைபிறையாகத் தோன்றும். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று அவற்றைக் காண்பதே சிறந்த வழி. சந்திர கிரகணத்தைக் கண்ணால் காண்பதில் எவ்விதக் கேடும் இல்லை.

கடலோர நிலங்களில் ஓதம்

சந்திரனால் நிலத்திற்கு மெய்யாகவே விளைவது ஒன்று உண்டு. அது கடலின் ஓதம். சந்திரனின் ஈர்ப்பினால் கடல்நீர் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்திற்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. சூரியனின் ஈர்ப்பும் இதில் ஏறத்தாழப் பாதியளவு வலிமையுடையது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அவ்விரண்டும் ஒரே நேர்கோட்டில் சேர்ந்து இழுப்பதால் ஓதம் மிகும். அந்நாட்களை அடுத்த ஓரிரு நாட்களில் அது உச்சமடையும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஓதம் தணியும்.

சோழமண்டலக் கரையில் இவ்வேற்றம் பெரிதன்று. ஆயினும் நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டக் கடைமடைகளில் நிலம் கடல்மட்டத்திற்கு அணித்தாகவே தாழ்ந்து கிடப்பதால், சிறு ஏற்றமும் பெருந்தீங்கு செய்யும். ஆற்றில் நன்னீர் குறைந்த மாதங்களில் உப்பு நீர் முகத்துவாரங்கள், வடிகால்கள் வழியே உள்ளே ஏறிவந்து நிலத்தை உவராக்கும். அடைமழைக் காலத்தில் ஓதம் ஏறிய வேளையில் வடிகால் நீர் கடலில் இறங்காமல் தேங்கி நிற்கும். புயலால் எழும் கடற்பெருக்கு சந்திரனால் உண்டாவதன்று; ஆயினும் அது ஓதம் மிகுந்த நாளோடு சேர்ந்தால் நீர்மட்டம் இன்னும் உயரும்.

ஆகவே கடைமடை ரெகுலேட்டர்களின் பொறுப்பிலுள்ளோர், அமாவாசை பௌர்ணமிகளுக்கு முதல்நாள் தொடங்கி மூன்று நாள் பின்வரை தனிக் கவனம் வைத்தல் வேண்டும். ஷட்டர்களில் கசிவு உண்டா என முன்னரே பார்த்துக்கொள்ளுதலும், ஓதம் ஏறுமுன் மூடி, வற்றத் தொடங்கியதும் திறந்து வடிய விடுதலும் அவசியம். ஓத நேரம் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்தும். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில் துறைமுகந்தோறும் அந்நேரங்களைக் காணலாம்.

நிலவொளியும் விளக்குப் பொறியும்

நெல்லின் குருத்துப்பூச்சியை அறிய வைக்கும் விளக்குப் பொறியில், நிலவில்லாத இரவுகளில் அந்துப்பூச்சிகள் மிகுதியாகவும், பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் குறைவாகவும் விழும். நிலவொளி பரந்திருக்கையில் விளக்கின் கவர்ச்சி குன்றுவதே இதற்குக் காரணம். பௌர்ணமியில் எண்ணிக்கை குறைந்ததைக் கண்டு பூச்சி ஒழிந்ததென்று இருந்துவிடலாகாது. அமாவாசையில் பெருகியதைக் கண்டு உடனே மருந்து தெளிக்கவும் வேண்டுவதில்லை. பொறியின் எண்ணிக்கையோடு அன்றைய திதியையும் குறித்து, சென்ற மாதத்து அதே திதியின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டும், வயலில் இறங்கி முட்டைக் குவியல்களையும் காய்ந்த குருத்துக்களையும் எண்ணியும் முடிவு செய்தல் வேண்டும்.

சுருங்கக் கூறின், விதைப்பிற்கும் நடவிற்கும் சூரிய மாதத்தையும் நிலத்தின் ஈரத்தையும் நோக்குக. ஓதத்திற்கும், இரவு வேலைக்கும், விளக்குப் பொறிக்கும் சந்திரனை நோக்குக. கிரகணத்தை நாட்குறிப்பில் முன்கூட்டியே எழுதிவைத்து, அன்றைய வேலை கெடாதபடி ஏற்பாடு செய்துகொள்க. பஞ்சாங்கத்தை இவ்வாறு பகுத்துணர்ந்து பயன்படுத்துவோர் பருவத்தையும் இழக்கமாட்டார், பயிரையும் இழக்கமாட்டார்.